கட்டத்துக்குள் இருக்கும் பத்தாயிரம்

எலெக்ட்ரிகல் கடையில் ஒரு எம்.சி.பி.யை, அதாவது சின்ன சர்க்யூட் பிரேக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகப்பில் ‘சி32’ என்றிருக்கும். கீழே ஒரு நீள்சதுரக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000. அதை ஒட்டிய சின்னக் கட்டத்தில் 3. ஓரமாக ஐ.எஸ்.ஐ. முத்திரை. 32 என்றால் 32 ஆம்பியர் என்பது ஒயர்மேனுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்த எண்ணையும் விலையையும் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குப் பெரும்பாலும் அது போதும். சொந்தமாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓடும் ஒரு நூற்பாலைக்கோ சாயப்பட்டறைக்கோ கட்டத்துக்குள் இருக்கும் எண்தான் உயிர்நாடி.

அது என்ன எண் என்று தெரிய, பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸ் 1924இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் சாரம்தான் இன்றைய எம்.சி.பி.க்குள்ளும் இருக்கிறது: ஒரே கூட்டுக்குள் இரண்டு காவல். முதலாவது, இரட்டை உலோகப் பட்டை. லோடு கூடினால் சூடேறி, மெல்ல வளைந்து, கொக்கியைத் தட்டிவிடும். இது நிதானமான காவல். 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்கியாக வேண்டும். 46 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இரண்டாவது, ஒரு சுருளும் அதற்குள் ஓர் இரும்புத் தண்டும். ஷார்ட் ஆனால் சுருளின் காந்தம் தண்டை இழுத்து அடிக்கும். கண்ணிமைக்கும் முன் டிரிப். ‘சி’ என்ற எழுத்து சொல்வது இதைத்தான்: எழுதியிருக்கும் ஆம்பியரின் ஐந்திலிருந்து பத்து மடங்குக்குள் உடனே விழும். ‘பி’ என்றால் மூன்றிலிருந்து ஐந்து, ‘டி’ என்றால் பத்திலிருந்து இருபது. மோட்டார் கிளம்பும்போது ஆறேழு மடங்கு இழுக்கும் என்பதால் அதற்குப் ‘பி’யைப் போட்டால் காலையில் ஷிஃப்ட் தொடங்கும் போதெல்லாம் டிரிப் ஆகும். பிறகு யாராவது கடுப்பாகி 63 ஆம்பியர் ஒன்றை மாட்டி வைப்பார்கள். ஒயர் என்னவோ பழைய ஒயர்தான்.

உண்மையான கஷ்டம் விழுந்த பிறகுதான் ஆரம்பம். முனைகள் இரண்டும் பிரிந்துவிட்டாலும் கரண்ட் நின்றுவிடாது. இடையில் இருக்கும் காற்றே பல ஆயிரம் டிகிரியில் கொதித்து, மின்சாரம் கடத்தும் தீக்கொழுந்தாக மாறும். ஆர்க் என்பது அதுதான். எம்.சி.பி.யின் ரிவெட்டைத் துளைத்துத் திறந்தால் ஒரு மூலையில் மெல்லிய இரும்புத் தகடுகள் பத்துப் பன்னிரண்டு, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கியிருப்பது தெரியும். தன் காந்தப் புலத்தாலேயே தள்ளப்பட்டு ஆர்க் அந்த அடுக்குக்குள் போய்ச் சிக்கும். துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் இருபது வோல்ட்டுக்கு மேல் தின்னும். எல்லாம் சேர்ந்து சப்ளை வோல்டேஜையே எதிர்த்து நிற்க, கரண்ட் அணையும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் நடக்கிற கதை இது. போலிச் சரக்கில் மிச்சம் பிடிக்கப்படுவதும் இங்கேதான்: தகடுகள் பாதியாகும், அல்லது அடுக்கே இருக்காது; முனைகளில் வெள்ளிப் பூச்சு பெயருக்கு ஒட்டியிருக்கும். மேலே லீவர் மட்டும் ‘டக்’கென்று அழகாக விழும்.

இப்படி எத்தனை ஆம்பியர் வரை வெடிக்காமல் அணைக்க முடியும்? கட்டத்துக்குள் இருக்கும் எண் அதற்கான பதில். ஷார்ட்டில் அதற்கு மேல் கரண்ட் வரக்கூடிய இடத்தில் அதை மாட்டக் கூடாது.

எவ்வளவு வரும் என்பதைத் தாளில் இரண்டு வரியில் கணக்குப் போடலாம். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட். முழு லோடில் ஏறக்குறைய 667 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப் பலகையில் இம்பீடன்ஸ் சதவீதம் இருக்கும். நாலரை என்று வைத்துக்கொள்வோம். 667ஐ 0.045ஆல் வகுத்தால் 14,800. மெயின் பேனலில் ஒரு ஸ்பேனர் தவறி, மின்சாரம் பாயும் உலோகச் சட்டமான பஸ்பார் மேல் விழுந்தால் ஓடக்கூடியது அத்தனை ஆம்பியர். அங்கே 10000 எழுதிய எம்.சி.பி.யும் பத்தாது, 25 கே.ஏ., அதாவது 25,000 ஆம்பியர் எழுதிய எம்.சி.சி.பி. போன்ற பெரிய பிரேக்கர் வேண்டும். அதே ஆலையின் கடைசி மூலையில், ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐம்பது மீட்டர் தள்ளி ஷார்ட் ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் ஆம்பியருக்கு மேல் வராது. ஒயரின் தடையே பாதுகாப்பாகிவிடுகிறது. ஆகவே எல்லா இடத்திலும் விலை உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் கஞ்சத்தனம் கூடாது, அவ்வளவுதான்.

சரி, 25 கே.ஏ. என்று எழுதியிருப்பது உண்மைதானா? ஃபேனை வாங்கினால் ஓடவிட்டுப் பார்க்கலாம். பிரேக்கரை அப்படிப் பார்க்க வழியே இல்லை. நல்ல தீக்குச்சியா என்று உரசிப் பார்த்து வாங்குவது மாதிரிதான், பார்த்தால் தீர்ந்துவிடும். கடைக்காரர் ஆன் ஆஃப் செய்து காட்டுவது லீவரின் வேலையை. ஆர்க்கை அணைப்பதை அல்ல. பதினைந்து வருடம் பேனலில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நொடியின் துணுக்கில் வேலை செய்ய வேண்டிய பொருள் இது. அந்த நாள் வரைக்கும் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே இருக்கும். சுவிட்ச்கியரில் தயாரிப்பாளர் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் வருவது இதனால்தான். நாம் காசு கொடுத்து வாங்குவது இரும்பையும் பிளாஸ்டிக்கையும் அல்ல. யாரோ ஒருவர் நமக்காக எங்கேயோ எரித்துப் பார்த்த சோதனையை.

அந்தச் சோதனைக்கு நம் நாட்டில் இடம் இருக்கிறது. பெங்களூரில் 1960இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமான சி.பி.ஆர்.ஐ., வதோதராவில் எர்டா. ஆயிரக்கணக்கான ஆம்பியரை வேண்டுமென்றே பாய்ச்சி, பிரேக்கர் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அந்த அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். நல்ல கம்பெனி மறுநாளே அனுப்பும். இழுத்தடித்தால் அதுவே பதில். அறிக்கையில் பார்க்க வேண்டியது இரண்டு எண். ஒன்று ஐ.சி.யு.: அந்தக் கரண்டை முதலில் ஒரு தடவை வெட்டி, மூன்று நிமிடம் கழித்து ஷார்ட்டின் மேலேயே மூடி இன்னொரு தடவை வெட்டும், அதன் பிறகு முழு லோடில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றது ஐ.சி.எஸ்.: மூன்று தடவை வெட்டிய பிறகும் வழக்கம்போல் லோடு எடுத்தாக வேண்டும். ஒரே ஐ.சி.யு. உள்ள இரண்டு மாடல்களில் ஒன்றின் ஐ.சி.எஸ். பாதி, இன்னொன்றுடையது நூறு சதவீதம் என்று இருக்கும். விலை வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஷார்ட்டுக்குப் பிறகு ஆலை எப்போது மறுபடி ஓடும் என்பதும்தான்.

எம்.சி.பி.க்கு நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு அருகில் ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று காட்டிவிடும். கடைவாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

பிரேக்கர் சோதிக்கப்பட்டது என்பதால் பேனலும் சோதிக்கப்பட்டது என்றாகிவிடாது. கோவையிலும் அம்பத்தூரிலும் பேனல் கட்டும் பட்டறைகள் நிறைய. பெரிய கம்பெனியின் பிரேக்கரை வாங்கி உள்ளே பொருத்திவிட்டு, அந்தக் கம்பெனிப் பெயரிலேயே பேனலை விற்பதும் உண்டு. ஷார்ட்டின்போது பஸ்பார்கள் ஒன்றையொன்று உதைக்கும் விசை, கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நூறு ஆம்பியர் பதினைந்தாயிரம் ஆனால் விசை 22,500 மடங்கு. தாங்கிகள் சரியில்லையென்றால் பிரேக்கர் தப்பித்தும் பேனல் கிழியும். ஐ.இ.சி. 61439 என்ற தரநிலைப்படி பேனல் முழுமைக்கும் சரிபார்ப்பு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மாற்றுப் பொருள் விஷயத்திலும் ஒரு சூட்சுமம். எம்.சி.பி. எந்தக் கம்பெனியானாலும் ஒரே 35 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும். ராத்திரியில் போனால் காலையில் பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டலாம். எம்.சி.சி.பி.யும் அதைவிடப் பெரிய ஏ.சி.பி.யும் அப்படியல்ல. அளவும் துளைகளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாற்ற வேண்டுமென்றால் பஸ்பாரையே வெட்டித் துளைத்து மறுபடி செய்ய வேண்டிவரும். ஆகவே பெரிய பிரேக்கரை வாங்குவது பதினைந்து இருபது வருடச் சம்பந்தம். கம்பெனிகளும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. எல் அண்ட் டி.யின் சுவிட்ச்கியர் தொழிலை 2020இல் ஷ்னைடர் வாங்கியது. 2024இல் அந்தச் சரக்குக்கே லாரிட்ஸ் நுட்சன் என்று பெயர் மாறிவிட்டது. பெயர் மாறியதில் தவறில்லை. பத்து வருடம் முன் வாங்கிய ஏ.சி.பி.க்கு டிரிப் யூனிட்டும், ஆர்க்கை அணைக்கும் தகடு அடுக்கான ஆர்க் ஷூட்டும் இன்னும் கிடைக்கிறதா, சர்வீஸ் எஞ்சினியர் கோவையில் இருக்கிறாரா, டெல்லியிலிருந்து வர வேண்டுமா என்பதே விஷயம். பேரம் பேசும்போது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். கூடுதல் தள்ளுபடி அப்புறம்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு இன்னொன்று. பிரேக்கரையும் காண்டாக்டரையும் ஜோடியாக வைத்துச் சோதித்து, ஷார்ட்டுக்குப் பிறகும் மறுபடி ஓடும் என்று உறுதி தரும் அட்டவணையைக் கம்பெனிகள் வெளியிடுகின்றன. ‘டைப் 2’ என்பார்கள். பிரேக்கர் ஒரு கம்பெனி, காண்டாக்டர் இன்னொரு கம்பெனி என்று மலிவு பார்த்துக் கலந்தால் அந்த அட்டவணை செல்லாது.

எவ்வளவு நல்ல பிரேக்கரும் காணாத ஆபத்து ஒன்று இருக்கிறது: தளர்ந்த இணைப்பு. ஒயர் முனையின் லக் சரியாக முறுக்கப்படாத இடத்தில் கரண்ட் கூடாது, சூடுதான் கூடும். பட்டைக்கும் தெரியாது, சுருளுக்கும் தெரியாது. நூற்பாலையில் பஞ்சுத் தூசு வேறு பேனலின் காற்றுத் துளைகளை அடைத்திருக்கும். 30 டிகிரியில் அளவிட்டுச் செய்த எம்.சி.பி., சித்திரை வெயிலில் மூடிய பேனலுக்குள் சொன்ன ஆம்பியருக்கு முன்பே விழவும் செய்யும். வருடம் ஒருமுறை முழு லோடில் வெப்பக் கேமராவால் பார்த்து, டார்க் ஸ்பேனரால் இறுக்குவதற்கு ஆகும் செலவு ஒரு ஷிஃப்ட் நின்றால் ஆகும் நஷ்டத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

கடைசியாக, பேனல் வந்து இறங்கிய நாளில் செய்ய வேண்டியது. பெரிய பிரேக்கர்களின் முகத்தில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும்: எத்தனை ஆம்பியரில், எவ்வளவு தாமதித்து விழ வேண்டும் என்று வைப்பதற்கு. பல ஆலைகளில் அவை கம்பெனியிலிருந்து வந்தபடியே கிடக்கின்றன. விளைவு, எங்கோ ஒரு கார்டிங் மெஷினில் ஷார்ட் என்றால் மெயின் விழுந்து மொத்த ஆலையும் இருண்டுவிடும். கீழே உள்ளது முதலில், மேலே உள்ளது பிறகு என்று கணக்குப் போட்டுத் திருகி வைக்கச் சொல்லுங்கள். வைத்த எண்களை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தை அதன் பிறகு கொடுக்கலாம்.