செவிவழி கற்கும் பாட்டு

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தின் தென் எல்லையை ஒட்டிய ஊர்கள். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது அண்டையிலுள்ள விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. எனினும் இப்பகுதியில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன.

நெய்யாற்றின்கரைப் பகுதியில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளத்தில் கிறித்தவக் கீர்த்தனைகள் பல இயற்றினார். அவருக்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழில் அவ்வாறு பாடியிருந்தார். இரு மொழிக் கீர்த்தனைகளிலும் பல்லவி, சரணம் என்னும் உறுப்புகள் உண்டு.

இத்தகைய ஊரில் ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் சிறுவர் சிலர் தமிழ் பேசுவர். ஆனால் படிக்க அறியார். தொடக்கத்திலேயே பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவர்கள் வாய்திறவாமல் நிற்பர். ஆகவே புதிய ஆசிரியர் முதலில் பாட்டின் பொருளைக் கதைபோல் கூறுதல் வேண்டும். பின்னர்ப் பல்லவியின் ஓர் அடியைத் தாம் பாட, சிறுவர் திருப்பிப் பாடுவர். கைத்தாளம் காலத்தைக் காக்கும். பெரியோரின் தாழ்ந்த சுருதி சிறுவர் குரலுக்கு எட்டாது. அவர்களுக்கு ஏற்ற சுருதியையே எடுத்தல் வேண்டும். பல்லவி மனத்தில் பதிந்தபின் சரணத்திற்குச் செல்லலாம்.

பாட்டு மனப்பாடமானதும் அதே பாட்டை எழுத்தில் காட்டுக. ஓசையால் அறிந்த சொல்லை எழுத்தில் இனங்காண்பது எளிது. பாடிய குழந்தை இவ்வாறு படிக்கவும் தொடங்கும்.

பயிற்சி
1. புத்தகத்தைத் தொடக்கத்தில் கொடுக்கலாகாது, ஏன்?
2. வீட்டில் கேட்டுக் கற்ற பாட்டு ஒன்றைத் தமிழில் எழுதுக.