அடைத்த பல்லும் பிறக்கப்போகும் பிள்ளையும்

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, எனக்குக் கடவாய்ப்பல் மூணுல வெள்ளி அடைச்சிருக்கு. ஸ்கூல் படிக்கும்போது அடைச்சது. அதுல பாதரசம் இருக்காமே? எல்லாத்தையும் எடுத்துட்டு, உடம்புல இருக்கறத டீடாக்ஸ் பண்ணிட்டு, அப்புறம்தான் கர்ப்பமாகணும்னு சொல்றாங்க. ஆறு மாச பேக்கேஜாம்."

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பேக்கேஜ் விற்கிறது.

முதலில் நியாயமான பாதி. நாம் வெள்ளி அடைப்பு என்று சொல்கிற அமால்கமில் எடைக்கு எடை ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. உலோகத் தூளும் பாதரசமும் தனித்தனி அறைகளில் இருக்கிற சின்னக் குப்பியை ஒரு கருவியில் மாட்டிச் சில விநாடி உலுக்கினால், உள்ளே இரண்டும் கலந்து மெழுகு மாதிரி இளகி வரும். அதைப் பல்குழியில் அழுத்தி, மேலே செதுக்கி விடுவார்கள். அன்றைக்குள் இறுகிவிடும். இறுகிய பிறகு பாதரசம் மற்ற உலோகங்களோடு பிணைந்து கிடக்கிறது. ஆனாலும் மேற்பரப்பிலிருந்து துளித்துளியாக ஆவி கிளம்பத்தான் செய்கிறது. மெல்லும்போது கொஞ்சம் கூடும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். சூடாக எதையாவது குடித்தாலும் கூடும்.

அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "குடிம்மா, ஆறிடப் போகுது" என்றேன். கூடுவது மைக்ரோகிராம் கணக்கில். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த ஆவியைச் சுவாசித்தால் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். அடைப்பிலிருந்து பெயர்ந்த துணுக்கை விழுங்கிவிட்டால் அநேகமாக ஒன்றும் சேராது, மலத்தோடு போய்விடும். ஆக, கவனிக்க வேண்டியது ஆவி. இது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடமும் போகும். அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல், கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் புதிதாக அமால்கம் வைப்பதைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் கர்ப்பிணிகளுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 2018-இலேயே தடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து அங்கே, மருத்துவக் காரணம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, யாருக்குமே வைப்பதில்லை.

"அப்ப எடுத்துடறதுதானே சரி?"

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். புதிதாக வைக்காதே என்பது ஒரு பேச்சு, இருப்பதைப் பிடுங்கு என்பது வேறு பேச்சு. அதே 2020 அறிவிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: நல்ல நிலையில் இருக்கும் அடைப்பை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம். எடுக்கும்போது நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகிறது, பாதரச ஆவியும் தற்காலிகமாகக் கூடுகிறது. 

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டாள். 2006-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 534 பிள்ளைகள், லிஸ்பனில் 507 பிள்ளைகள். பாதிப் பேருக்கு அமால்கம், பாதிப் பேருக்கு வேறு பொருள் வைத்துப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். அமால்கம் வைத்தவர்களின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது. அறிவுத்திறனிலோ நரம்புச் செயல்பாட்டிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வயிற்றுக்குள் இருக்கும் சிசு அல்ல. நார்வேயில் கர்ப்பிணிகளையே கணக்கெடுத்தார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்வில், அமால்கம் இல்லாத தாய்மாரிடம் பிரசவத்தை ஒட்டிய சிசு மரணம் 0.20 சதவீதம். 13 அல்லது அதற்கு மேற்பட்ட பற்களில் அமால்கம் இருந்தவர்களிடம் 0.67 சதவீதம். பதின்மூன்று பல் சொத்தையானவருக்கு வேறு எத்தனையோ கோளாறு இருக்கலாம், அதனால் இதை வைத்துப் பாதரசம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். வாய் நிறைய அமால்கம் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே பல் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. மூன்று பல்லுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

சரி, அடைப்பு உடைந்துவிட்டது, ஓரத்தில் சொத்தை மறுபடி வந்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். அப்படியானால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே எடுத்துவிடு. எடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ரப்பர் டேம் போடுவார்களா என்று கேள். மெல்லிய ரப்பர் விரிப்பு அது. நடுவில் துளை போட்டு, வேலை செய்ய வேண்டிய பல் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டிவிட்டால் தூளும் துணுக்கும் தொண்டைக்குப் போகாது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டேதான் டிரில் ஓட வேண்டும், சூடு ஏறினால் ஆவி கிளம்பும். உறிஞ்சு குழாய் பல்லை ஒட்டியே இருக்க வேண்டும். முழுவதையும் அரைத்துத் தூளாக்காமல், கீறி இரண்டு மூன்று துண்டாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் பல் நிறத்தில் காம்போசிட் வைப்பார்கள், அல்லது கிளாஸ் அயனோமர் சிமெண்ட்.

"எடுத்தாச்சு. உள்ள தங்கினது?"

தானாகப் போய்விடும். உடம்பில் சேர்ந்த பாதரச ஆவி, சிறுநீரகம் வழியாகவும் குடல் வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதியாகும். நான்கு மாதத்தில் கால் பங்கு, ஆறு மாதத்தில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு நாள்தான் என்று விதி எதுவும் இல்லை, கர்ப்பத்தை மூன்று முதல் ஆறு மாதம் தள்ளிப்போட முடிந்தால் மனசுக்கும் நிம்மதி. அந்த ஆறு மாத பேக்கேஜில் வேலை செய்வது ஆறு மாதம்தான், பேக்கேஜ் அல்ல.

அந்தப் பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று போனில் காட்டினாள். கொத்தமல்லிச் சாறு, பாசி மாத்திரை, 'ஹெவி மெட்டல்' சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு கீலேஷன். கொத்தமல்லியைச் சட்னி அரைத்துச் சாப்பிடு, ருசியாக இருக்கும். அதுவும் பாசியும் மனித உடம்பிலிருந்து பாதரசத்தை வெளியேற்றும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

அந்தப் பரிசோதனைதான் சாமர்த்தியமான ஏற்பாடு. முதலில் உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்து ஒன்றைக் கொடுப்பார்கள். பிறகு சிறுநீரை அளப்பார்கள். உலகத்தில் யாருடைய உடம்பிலும் கொஞ்சம் பாதரசம் இருக்கும், மருந்து கொடுத்தால் அது சிறுநீரில் வரும். வந்த எண்ணை, மருந்து சாப்பிடாத ஆட்களின் அளவோடு ஒப்பிட்டு, சிவப்பு மையில் 'அதிகம்' என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். மெத்தையைத் தட்டி உதறிவிட்டுப் பறக்கிற தூசியை அளந்து, உதறாத பக்கத்து வீட்டோடு ஒப்பிடுகிற கதை. இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் கல்லூரியே சொல்லியிருக்கிறது. நிஜமாகவே சந்தேகம் இருந்தால், எந்த மருந்தும் சாப்பிடாமல் சாதாரணமாகக் கொடுக்கும் சிறுநீரில் பாதரசத்தை அளந்தால் போதும். மீனிலிருந்து வரும் பாதரசத்துக்கு இரத்தத்தில் பார்ப்பார்கள்.

கீலேஷன், அதாவது உலோகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் மருந்து கொடுப்பது, பொய்ச் சிகிச்சை இல்லை. டிஎம்எஸ்ஏ போன்ற மருந்துகள் நஞ்சேறியவர்களுக்கு, மருத்துவமனையில், நச்சியல் தெரிந்தவர் மேற்பார்வையில் கொடுப்பதற்காக இருக்கின்றன. வேலையிடத்தில் நாள்தோறும் ஆவியைச் சுவாசித்தவர்கள் கதை வேறு, பாதரச மாசு விவகாரத்தில் 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நமக்குத் தெரியாததல்ல. மூன்று அடைப்புக்கு அந்த மருந்து அநாவசியம். அது பாதரசத்தோடு துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்து இழுத்துப்போகும். கர்ப்பத்துக்குத் தயாராகும் உடம்பில் அவை இருக்க வேண்டியவை. மருந்து மாறினால் உயிரே போகும்: 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு, கீலேஷன் என்று இடிடிஏ-வின் தவறான வகையை ஏற்றினார்கள். இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான்.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1990 டிசம்பரில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, வாயில் விஷமா என்று கேட்டு ஊரையே கலக்கியது. அமால்கத்தைப் பிடுங்கினால் பல நோய்கள் தீரும் என்று பிரபலமாகப் பிரசாரம் செய்த கொலராடோ பல் மருத்துவர் ஹால் ஹக்கின்ஸின் உரிமம் 1996-இல் பறிக்கப்பட்டது.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டது வேறு. "முகத்துக்கு என்ன க்ரீம் போடற?" முழித்தாள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். அவற்றில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் அச்சிடாமல், 'வெளிநாட்டுச் சரக்கு' என்று வருகிற டப்பாவை இன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். இரசம் (பாதரசம்), இலிங்கம் (பாதரசக் கனிமம்) சேர்த்த சித்த மருந்துப் பற்ப செந்தூரங்களும் இந்தச் சமயத்தில் வேண்டாம். சுத்தி செய்ததா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பாதரசத்தை நீக்கப் போகிறேன் என்று பாதரசத்தையே உண்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அடுத்தது மீன். மீனில் இருப்பது மீத்தைல் பாதரசம், 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமான அதே பொருள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். சுறா, வாள் மீன், பெரிய சூரை ஆகியவற்றைத் தள்ளி வை. அமெரிக்கத் தவிர்ப்புப் பட்டியலில் வஞ்சிரத்தின் உறவுக்கார மீன் ஒன்றும் இருக்கிறது, எனவே பெரிய வஞ்சிரத்தை அளவோடு வைத்துக்கொள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு என்று மாமியார் ஆசையோடு செய்வார். குட்டிச் சுறாவில் பெரிய சுறா அளவுக்கு இருக்காதுதான், ஆனாலும் தினம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். அதற்காக மீனையே விட்டுவிடாதே, சிசுவின் மூளைக்கு அது வேண்டும். நெத்திலி, மத்தி, கிழங்கான் வாரத்தில் இரண்டு மூன்று முறை தாராளமாகச் சாப்பிடலாம்.

பாதரசப் பயத்தில் கர்ப்பகாலத் தடுப்பூசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. சில குப்பிகளில் பாதுகாப்புக்குச் சேர்க்கும் பொருளில் இருப்பது எத்தைல் பாதரசம். அது மீனில் இருப்பதைவிட வெகு சீக்கிரம் வெளியேறிவிடும். ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் ஒருமுறை பல் டாக்டரிடம் போய், திட்டத்தையும் சொல்லி, அடைப்புகளையும் ஈறுகளையும் காட்டுங்கள். நன்றாக இருக்கும் அடைப்பைக் கிளறச் சொல்லாதீர்கள். பேக்கேஜுக்கு எடுத்து வைத்த பணத்தில் சில ரூபாய் போதும், ஃபோலிக் அமில மாத்திரை வாங்குவதற்கு. தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பம் தரிக்கும் முன்பே, குறைந்தது ஒரு மாதம். அளவைக் கூட்ட வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.