நாட்குறிப்பும் கட்டளை வரியும்

ஆய்வாளர் ஒருவர் நாள்தோறும் எழுதிவைக்கும் குறிப்புக்களே அவர் பின்னர் வெளியிடும் நூல்களுக்கு மூலப்பொருளாகின்றன. கள ஆய்விற் கேட்ட வழக்குச் சொல், வாசிப்பில் எழுந்த ஐயம் என்பன உடனே பதியப்படாவிடின் மறைந்துபோவன. இன்று இவை பெரும்பாலும் கணனியிலேயே எழுதப்படுகின்றன. அவை இருபது ஆண்டுகளின் பின்னரும் வாசிக்கத்தக்கனவாக இருக்குமா? இவ்வினாவை மனங்கொண்டு, மிக எளிய கருவியொன்றை ஈண்டு நோக்குவோம்.

கட்டளை வரி என்பது, திரையிலுள்ள படங்களைச் சுட்டுவதற்குப் பதிலாக, ஏவலைச் சொல்லாகவே தட்டச்சுச் செய்யும் முறையாகும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமை இதனைச் செழுமைப்படுத்திற்று. ஒரு கருவி ஒரு வேலையையே செவ்வனே செய்தல் வேண்டும். ஒன்றின் பேற்றை மற்றொன்று ஏற்றுத் தொழிற்படல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை நோக்கு.

நாட்குறிப்புக் கருவியும் அத்தகைய இணைப்பேயாகும். ‘டேட்’ என்னுங் கட்டளை அன்றைய திகதியைத் தரும். ‘எக்கோ’ நாம் எழுதும் வாக்கியத்தை வெளியிடும். இரட்டை அம்புக்குறி அதனைக் கோப்பின் இறுதியிற் சேர்க்கும். ஒற்றை அம்புக்குறியோ பழைய உள்ளடக்கம் முழுவதையும் அழித்துவிட்டுப் புதியதை எழுதும். எனவே இம்மூன்றையும் ஒரே கட்டளைப் பெயரின்கீழ் ஒருமுறை அமைத்துவிடுதல் பாதுகாப்பானது. திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் எண்வரிசையே கால வரிசையாகவும் அமையும்.

எழுதியதைத் தேடுதற்குக் ‘கிரெப்’ உதவுகின்றது. இவ்விடத்தில் தமிழின் இயல்பு கவனத்திற்குரியது. ‘நூல்’ எனத் தேடினால் ‘நூலை’ அகப்படாது. முன்னதன் இறுதியிலுள்ள புள்ளி பின்னதில் இல்லை. புள்ளியை நீக்கி ‘நூல’ எனத் தேடின் இரண்டும் கிடைக்கும். ‘நூலகம்’ என்பதும் உடன்வரும். வேற்றுமையும் புணர்ச்சியும் சொல்லின் ஈற்றை மாற்றும் மொழியில், தேடுபவர் இலக்கணத்தையும் எண்ணவேண்டியுள்ளது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஈழத்திற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்புக்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் பொருளற்ற உரோம எழுத்துக்களாகவே தோன்றுகின்றன. கோப்பு அழியவில்லை, அதனை வாசிக்கும் வழியே அற்றுப்போயிற்று. 1991 இல் வெளியான யுனிக்கோட் முதற் பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. 1992 இல் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுக்களைக் கொள்ளும். நாளொன்றுக்கு ஆயிரங் குறியீடுகள் எழுதினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சம் பைட்டுக்களே தேவை. எனவே பல பிரதிகளைப் பல இடங்களில் வைத்தல் எளிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது வேறு பிரதியற்ற ஏடுகள் மீளா வகையில் அழிந்தமையை அறிந்த நமக்கு இதன் அருமை விளக்கவேண்டியதன்று.

இம்முறைக்குக் குறைபாடுகளும் உள. எவரும் வாசிக்கக்கூடிய எளிய உரை, பிறர் நம்பிக் கூறிய வாக்குமூலங்களுக்குத் தானாகக் காவலாகாது. அவற்றை மறைகுறியாக்கி வைத்தல் வேண்டும். கட்டளைகள் ஆங்கிலத்தில் அமைந்திருப்பது, தமிழ் மட்டுமே அறிந்தோரைத் தூரத்தில் நிறுத்துகின்றது. விலையின்றிக் கிடைப்பதெல்லாம் யாவர்க்கும் எட்டுவதன்று.

எனினும் ஒன்று தெளிவு. குறிப்பு ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் மட்டுமே திறக்குமாயின், அதனை எழுதியவர் அதன் முழு உரிமையாளரல்லர். அந்நிறுவனம் கைவிடும் நாளில் அவரது உழைப்பும் கைவிடப்படும். எளிய உரைக் கோப்போ கருவி மாறினும் நிலைக்கும். நாட்குறிப்புக்கு எந்தக் கருவியைத் தெரிவதெனினும், அக்கருவி இல்லாமலும் குறிப்பை வாசிக்க முடியுமா என்பதையே நாம் முதலிற் கேட்டல் வேண்டும்.