பாகூரிலிருந்து சைக்காலஜி படிக்கப் போகிறவளுக்கு

லீவுக்கு பாகூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ முடித்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, நான் சைக்காலஜி எடுக்கட்டுமா? மூணு வருஷத்துல கவுன்சிலர் ஆயிடலாமாமே?" அக்கா அடுப்படியிலிருந்தே, "அடுத்தவங்க மனசைப் படிக்க ஒரு காலேஜா?" என்றாள். இரண்டு பேருக்குமே என்னிடம் பதில் இல்லை. நான் பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ஆனால் ஒரு விஷயம் தெரியலைன்னா எனக்குத் தூக்கம் வராது. இரண்டு வாரம் பாடத்திட்டங்களையும் சட்டங்களையும் புரட்டியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அக்காவின் கேள்வி. இளங்கலை உளவியலில் யார் மனசையும் படிக்கச் சொல்லித் தருவதில்லை, அளக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். முதல் வருடம் பொது உளவியல்: புலனுணர்வு, கவனம், கற்றல், நினைவாற்றல், உணர்ச்சி. பிறகு மூளையும் நரம்பும், குழந்தை முதல் முதுமை வரையான வளர்ச்சி, சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல், தொழிலக உளவியல் என்று போகும். கூடவே புள்ளியியல். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

எனக்குப் பிடித்தது செய்முறைத் தாள். அதில் வரும் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்தோம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில், 'நீலம்' என்பதைச் சிவப்பு மையில், இப்படி இருபது சொற்களை எழுத வேண்டும். படிப்பவர் சொல்லை விட்டுவிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை இது. வெறும் வண்ணக் கட்டங்களைப் பார்த்து மடமடவென்று நிறம் சொன்ன மருமகள், சொற்கள் வந்ததும் திக்கித் திணறினாள். எனக்கு அதைவிட மோசம். படித்துப் பழகிய கண் வேண்டாம் என்றாலும் படித்துவிடும். அதைத் தள்ளிவிட்டு நிறத்தைச் சொல்ல மூளைக்குக் கூடுதல் நேரம் ஆகிறது.

பக்கத்து வீட்டு ஆயாவையும் உட்கார வைத்தோம். அவர்களுக்கு எழுத்து தெரியாது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை! "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று எங்களையே கேட்டார்கள்.

சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமில்லை இது. எழுத்து தெரிந்தவர்களை வைத்துச் செய்த சோதனையை எழுத்து தெரியாதவரிடம் கொண்டுபோனால், அது வேறு எதையோ அளக்கிறது. 1950களில் சி. எம். பாட்டியா, பள்ளிக்குப் போகாத இந்தியப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற மாதிரி, கட்டைகளும் படங்களும் வைத்து ஒரு நுண்ணறிவுச் சோதனைத் தொகுப்பை உருவாக்கினார். காரணம் இதுதான். அப்படியும் தீரவில்லை. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2008இல், முக்கியமான உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் மேற்கத்திய, தொழில்மய நாட்டவர்கள் என்று கணக்குக் காட்டினார். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான். அப்படியானால் பாகூர்ப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டிய அவசியம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்பது என் கட்சி.

அடுத்து மருமகளின் கேள்வி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பி.எஸ்சி. உளவியல் ஒரு பட்டம், சிகிச்சை தரும் உரிமம் அல்ல. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் வேறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு வரையறை வைத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதி வேண்டும், அல்லது உளவியலில் முதுகலையும், அதன்மேல் மேற்பார்வையோடு கூடிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும். மூணும் ரெண்டும் ரெண்டும் ஏழு வருடம். அந்த எம்.ஃபில்.லுக்கு யு.ஜி.சி. 2025-26 வரைதான் நீட்டிப்பு கொடுத்தது. அதற்குப் பதிலான படிப்புகள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே சேரும்முன் மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலை நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஏழு வருடம் போக மாட்டேன் என்றால் பி.எஸ்சி. வீண் இல்லை. மனிதவளம், தொண்டு நிறுவனங்கள், எங்கள் துறையில் பயனர் ஆய்வு என்று வேலைகள் உண்டு. ஆனால் அதற்கும் கை கொடுப்பது பெரும்பாலும் அந்தப் புள்ளியியல் தாள்தான்.

எங்கே படிப்பது? 'வீட்டிலிருந்தே தபால் வழியா படிக்கட்டும்' என்று அக்கா நினைத்திருந்தாள். அந்தக் கதவு மூடிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தைக் காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. எனக்கு இதில் ரெண்டு மனசு. செய்முறை இல்லாமல் இந்தப் படிப்பு அர்த்தமில்லைதான். ஆனால் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு வீட்டில் தினசரி பஸ் பயணத்துக்கு ஒப்புக்கொள்வார்கள்? முதுகலைக்குக் காலாப்பட்டில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. பாகூர் பாண்டிக்குத் தெற்கே, காலாப்பட்டு வடக்கே. ஊரையே தாண்டிப் போக வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இதே பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அதை அக்காவிடம் சொன்னேன். "இப்ப பஸ்தானே குடுக்கணும்" என்றாள்.

ஆனால் அக்காவை யோசிக்க வைத்தது செப்பேடு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கைப்படி, லட்சம் பேருக்குத் தற்கொலை நாட்டளவில் 12, புதுச்சேரியில் 31.8. அந்த வரியைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் தெருவிலேயே அவளுக்குத் தெரிந்த இரண்டு வீடுகள் உண்டு. (யாருக்காவது தேவைப்பட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.)

மருமகள் சென்டாக் விண்ணப்பத்தில் உளவியலை முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறாள். இப்போதைக்கு பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடுத்துச் சராசரியும் திட்ட விலக்கமும் போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சந்தேகம் கேட்கிறாள்.