ஒத்திகையைப் பிடித்து வைக்க ஒரு சின்னக் கருவி

மும்பையில் ஒரு மெல்லிசைக் குழுவை நடத்துவது என்றால் பாதி வேலை சங்கீதம், மீதி வேலை ரயில் நேரம் பார்ப்பது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். கீபோர்டு வாசிக்கும் நான் செம்பூர்வாசி. பாடுகிறவர்களில் ஒருவர் டோம்பிவிலியிலிருந்து கிளம்பி குர்லாவில் வண்டி மாறி வருகிறார். இன்னொருவர் விராரில் இருக்கிறார். ரிதம் பேட் வாசிக்கும் தம்பிக்கு ஷிப்ட் வேலை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒத்திகை என்று வைத்தால், அன்றைக்கென்று ரயில்வேக்காரர்கள் மெகா பிளாக் அறிவித்திருப்பார்கள். ஒன்பது பேரும் சேர்ந்து உட்காரும் ஞாயிறு மாதத்தில் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். வராதவர்களுக்கு எந்தச் சுருதியில் பாடினோம், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையை எத்தனை தடவை வாசித்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதெல்லாம் போனில் சொல்லிப் புரியவைக்கிற சங்கதி அல்ல.

இதைவிட அவசரமான காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் டோலக் அண்ணாச்சி வருகிற மே மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் தம் ஊருக்கே போகிறார். முப்பத்து மூன்று வருஷ மும்பை வாசத்தில் அவர் வாசித்த பாட்டு ஒன்றைக்கூடத் தாளில் எழுதி வைத்ததில்லை. எல்லாம் கையில்தான் இருக்கிறது. அவர் இடத்துக்கு வரப்போகும் பையன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். நல்ல தாளக்கட்டு உள்ளவன். ஆனால் பரீட்சை, டியூஷன் என்று அவனுக்கும் எல்லா ஞாயிறும் ஒழிவதில்லை. அண்ணாச்சியின் கையில் இருப்பது இந்தப் பையனுக்கு வந்து சேரவேண்டும். அதற்கு ஒரு ரிக்கார்டர் வாங்குவது என்று தீர்மானித்து, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டோம். மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. இந்தப் பணத்துக்குள் என்ன வாங்கலாம் என்று விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெவ்வேறு சங்கங்களிலும் காலனிகளிலும் இதேபோல் பாட்டுக் குழு, பஜனைக் குழு, பறைக் குழு வைத்திருக்கும் நேயர்களுக்கு உதவும் என்பதால் விசாரித்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு?" என்று முதல் நாளே ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்வி. போனில் பதிவு செய்து பார்த்தால் பதில் காதிலேயே கிடைக்கும். போனின் மைக் முக்கியமாகப் பேச்சுக்காக ஏற்பட்டது. மெதுவாகப் பேசினால் தானாகவே ஒலியைக் கூட்டும். உரக்கப் பேசினால் தானாகவே குறைக்கும். பேச்சுக்கு இது சௌகரியம், வாத்தியக் குழுவுக்கு வினை. டோலக்கில் ஒரு பலமான அடி விழுந்தவுடன் போன் பயந்துகொண்டு மொத்த ஒலியையும் இறக்கிவிடும். பாடகியின் குரலும் கூடவே அமுங்கிப் போகும். அரை விநாடியில் மறுபடி மேலே வரும், அதற்குள் அடுத்த அடி விழும். கேட்டால் பாட்டே மூச்சு வாங்குவது போல இருக்கும். அதிலும் சில போன்கள் பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு தம்பூராச் சுருதியையே இரைச்சலாக நினைத்து நீக்கிவிடும்.

இது போனோடு வந்த புது வியாதி அல்ல. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டை அறிமுகப்படுத்தியபின் வீட்டுக்கு வீடு வந்த டேப் ரிக்கார்டர்களை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் சி-90 கேசட்டைப் போட்டுக் கல்யாணக் கச்சேரியைப் பிடித்த குடும்பங்களில் அந்தக் கேசட் இன்னும் இருக்கும். தவில் வரும் இடத்தில் நாதஸ்வரம் எங்கோ கிணற்றுக்குள் இருந்து கேட்கும். அதற்கும் காரணம் இதே தானியங்கி லெவல்தான்.

போனில் லெவலைக் கையால் வைத்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு. அவை ஓரளவு தேவலை. ஆனாலும் போன் ஒருவருடைய சொந்தப் பொருள். சரணத்தின் நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வரும். போன்காரர் வராத ஞாயிற்றில் பதிவும் இருக்காது. குழுவுக்கென்று ஒரு கருவி இருந்தால், யார் வந்தாலும் வராவிட்டாலும் அது ஹாலில் இருக்கும்.

ஆகவே நான் பார்த்த முதல் தகுதி, லெவலை நாமே வைத்து அது அப்படியே நிற்கவேண்டும் என்பது. ஆபீஸ் மீட்டிங்குக்கு என்று விற்கும் மலிவான பேச்சு ரிக்கார்டர்களில் பல இங்கேயே தோற்றுவிடும். விலை குறைவு, பார்க்க அழகு, ஆனால் டோலக்குக்கு முன் போனைப் போலவேதான் நடந்துகொள்ளும். இரண்டாவது, எவ்வளவு உரத்த ஒலியை மைக் தாங்கும் என்பது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் விளம்பர வரிகளில் இது இராது. உள்ளே இருக்கும் குறிப்பில் டெசிபல் கணக்கில் இருக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. மூடிய ஹாலில் டோலக்கும் ரிதம் பேட் ஸ்பீக்கரும் சேர்ந்தால் அருகில் 100-ஐ எளிதாகத் தாண்டும்.

இந்த இரண்டையும் வைத்துச் சலித்ததில் மூன்று கருவிகள் மிஞ்சின. 2018-ல் வந்த ஜூம் எச்1என், 2019-ல் வந்த டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், 2024-ல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல். மூன்றுமே உள்ளங்கைக்கு அடக்கம். ஜூம் இரண்டும் 120 டெசிபல் வரை தாங்கும், டாஸ்காம் 125 வரை. டாஸ்காமுக்கு சற்றுப் பெரிய ஏஏ பேட்டரி இரண்டு, அதனால் அதிக நேரம் ஓடும். ஜூமுக்கு டிவி ரிமோட்டில் போடுகிற சின்ன ஏஏஏ பேட்டரி இரண்டு.

மைக் விஷயத்தில் வித்தியாசம் முக்கியமானது. டாஸ்காமின் இரண்டு மைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி ஒலி வாங்குபவை. ஜூமில் இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று 90 டிகிரியில் குறுக்கிட்டு நிற்கும்; முன்னால் இருப்பதை நன்றாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் வாங்கும். கனமான திரைச்சீலையும் சோபாவும் உள்ள வீட்டு ஹாலில் டாஸ்காம் மிக இயற்கையாகக் கேட்கும். நாங்கள் ஒத்திகை பார்ப்பதோ ஹவுசிங் சொசைட்டி ஹாலில். டைல்ஸ் தரை, வெறும் சுவர், நான்கு மின்விசிறி, பின்பக்கம் கேரம் ஆடும் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களின் பேச்சு எங்களுக்கு வேண்டியதில்லை. அதனால் ஜூம் பக்கம் சாய்ந்தேன்.

எச்1 எசென்ஷியலில் 32 பிட் ஃப்ளோட் என்ற புதிய ஏற்பாடு இருக்கிறது. பதிவின்போது லெவலே வைக்க வேண்டாம். மெதுவாக இருந்தாலும் உரக்க இருந்தாலும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். கவனிக்க ஆளில்லாத குழுவுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கடைக்காரர்கள் சொல்வது போல "எவ்வளவு சத்தம் வந்தாலும் கெடாது" என்பது முழு உண்மை அல்ல. மைக்கே திணறும் அளவுக்கு ஒலி வந்தால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை. அந்த 120 டெசிபல் எல்லை இதற்கும் உண்டு. தவிர, பதிவான ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் போட்டு வேலை செய்ய வேண்டும்.

புதிதாக வாங்கினால் எங்கள் பணம் எதற்கும் போதவில்லை. அப்போதுதான் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் புதுக் கருவிக்கு மாறப்போவதாகவும், தம்முடைய எச்1என்-ஐ விற்கப்போவதாகவும் சொன்னார். நாலாயிரத்துக்குப் பேசி முடித்தோம். மீதி ஐந்நூறில் மெமரி கார்டும், மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரிகளும் வந்தன. பழைய கருவி வாங்குகிறவர்கள் பேட்டரி அறையைத் திறந்து, கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு நிமிஷம் பதிவு செய்து ஹெட்போனில் இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா என்றும், வால்யூம் திருகைச் சுழற்றும்போது கரகரப்பு வருகிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதைத் தப்பாகக் காட்டும். நடுவில் பேட்டரி இறந்தால் அந்தப் பாட்டின் பைலே திறக்காமல் போகக்கூடும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

மிக்ஸரிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து ரிக்கார்டரில் செருகிவிடலாமே என்று எங்கள் கிடார்காரர் சொன்னார். செய்யலாம். ஆனால் மிக்ஸருக்குள் போகிற வாத்தியம்தான் பதிவில் வரும். எங்கள் ஒத்திகையில் டோலக்குக்கு மைக் வைப்பதில்லை. யாருக்காகக் கருவி வாங்கினோமோ அவரே பதிவில் இருக்கமாட்டார். ஒயர் செருகியதும் கருவியின் சொந்த மைக் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பதிவின் தரம் பாதிக்குமேல் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கீபோர்டு ஸ்டாண்டின் மேலோ மேஜையின் மேலோ வைத்தால் தட்டுகிற ஒவ்வொரு அதிர்வும் ஏறிவிடும். சாதாரண கேமரா ஸ்டாண்டில் இதைப் பொருத்தலாம். அடியில் அதே அளவு திருகு மரை இருக்கிறது. குழுவுக்கு எதிரே ஏழெட்டு அடி தள்ளி, ஸ்பீக்கர்களுக்கு முன்பக்கமாக, உட்கார்ந்து கேட்பவர் காது உயரத்தில் நிறுத்துங்கள். விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். மைக்கின் மேல் பஞ்சுத் தொப்பி ஒன்று போட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு வாத்தியம் அடக்கினால் லெவலைத் தொடாமல் அந்த வாத்தியக்காரரை இரண்டடி பின்னால் நகர்த்துங்கள். எங்கள் ஹாலில் தரையில் இரண்டு ஜமுக்காளம் விரித்த பிறகு எதிரொலி கண்கூடாகக் குறைந்தது. லெவல் வைக்க, உள்ளதிலேயே உரத்த பாட்டை முதலில் வாசித்து, மீட்டரின் உச்சி மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி திருகை நிறுத்திவிட்டு, பிறகு யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் கொஞ்சம் மெதுவாக இருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு பத்து ஒத்திகைக்குத் தாங்கும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்தி மறுபடி தொடங்கினால் பாட்டுக்கு ஒரு பைல் தனித்தனியாகக் கிடைக்கும்.

முதல் பதிவை எல்லோரும் சேர்ந்து கேட்டபோது ஹால் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கீபோர்டு எல்லோரையும் மூழ்கடித்திருந்தது. ஒலியை நான் பாதியாகக் குறைத்தேன். எங்கள் குழுவில் பாடும் இரண்டு பெண் குழந்தைகளும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாட்டை தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள். 'வாழ்வு' என்பது 'வால்வு' ஆகிறது என்று அவர்கள் அம்மா நூறு தடவை சொல்லியும் ஏறாதது, தன் குரலைத் தானே கேட்டவுடன் ஏறிவிட்டது. "அம்மா, நான் நிஜமாவே இப்படியா சொல்றேன்?" என்று மூத்தவள் கேட்டாள். அடுத்த வாரம் முதல் பாட்டைத் தமிழ் எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், படிக்கட்டும்.

டோலக் பையனுக்கு உதவியது வேறொரு வசதி. இந்தக் கருவியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதி வரை குறைத்துக் கேட்கலாம். ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். டாஸ்காமிலும் இது உண்டு. அண்ணாச்சியின் இடது கை தோலை அழுத்தி இழுக்கும் அந்த 'கும்' எங்கே விழுகிறது என்று நேரில் பார்த்துப் பிடிபடாதது, பாதி வேகத்தில் பிடிபட்டது. காற்றிரைச்சலைக் குறைக்கும் லோ கட் பொத்தானை மட்டும் போடாமல் விட்டுவிடுங்கள். அதைப் போட்டால் விசிறிச் சத்தத்தோடு இந்த இடது கையும் மெலிந்துவிடும்.

அன்று இரவே பைல்களை லேப்டாப்பில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றுகிறேன். ஐந்து நிமிஷப் பாட்டு 7 எம்பி சுமாருக்கு வரும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேருகிறது. விராரிலிருந்து வரும் பாடகர் ரயிலில் கேட்டுக்கொண்டே வருகிறார். ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜாக எடுத்து அனுப்புவது மட்டும் வேண்டாம், எடுத்த பாடெல்லாம் வீண்.

தம் வாசிப்பைப் பதிவில் கேட்ட அண்ணாச்சி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ரெண்டாவது சரணத்துல ஓடுதேன், இதை அழிச்சிருங்க, அடுத்த வாரம் நல்லா வாசிச்சுத் தாரேன்" என்றார். நாங்கள் அழிக்கவில்லை. அடுத்த வாரம் வாசித்ததையும் வைத்திருக்கிறோம். எங்கள் பட்டியலில் இருபத்தேழு பாட்டு. பையன் இதுவரை பதினொன்றைக் கையில் ஏற்றியிருக்கிறான். மே மாதத்துக்குள் இன்னும் பதினாறு பாக்கி.