கடைக்குட்டிக்குத்தான் வீடு!

கல்யாணம் ஆனதும் யார் வீடு மாறுவார்கள், சொல் பார்ப்போம். "பொண்ணுதான்!" என்று சட்டென்று சொல்லிவிட்டாயா, சுட்டிப் பிள்ளையே? கொஞ்சம் பொறு. தாய்லாந்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள நெல் விளையும் கிராமங்களில், பழைய வழக்கப்படி மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவார்!

அந்த வீடு உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கும். கீழே திறந்தவெளி. அங்கேதான் தறி ஓடும். ஓரத்தில் எருமை அசைபோடும். அடுப்பில் மூங்கில் கூடைக்குள் ஒட்டும் அரிசி ஆவியில் வேகும்.

மூத்தவளின் கணவர் வந்து மாமனாரின் வயலில் பாடுபடுவார். சில வருஷத்தில் அடுத்தவளுக்குக் கல்யாணம். ஒரே வீட்டில் இரண்டு மருமகன்களா? இடிக்குமே! மூத்த ஜோடி பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு கிளம்பும். கடைசியில் அப்பா அம்மாவோடு இருப்பவள் கடைக்குட்டி மகள். முதுமையில் அவர்களைக் கவனிப்பவளும் அவளே. வீடும் அவளுக்கே. தாய்வாழையைச் சுற்றிக் கன்றுகள் நிற்குமே, அதுபோல அந்த வீட்டைச் சுற்றி அக்காக்களின் வீடுகள்.

புரிகிறதா? குழப்பமாக இருந்தால் ஒரு தாளில் படம் போட்டுப் பார்.

"அப்படியானால் அங்கே பெண்கள் ராஜ்யமா?" கெட்டிக்காரக் கேள்வி! சுலமித் பாட்டர் என்ற மானிடவியல் அறிஞர் வடக்கில் உள்ள சியங் மாய் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைக் கூர்ந்து கவனித்து, 1977இல் புத்தகமே எழுதினார். அவர் கண்டது இதுதான்: குடும்பத் தலைவர் ஆண்தான். ஆனால் அந்தப் பொறுப்பு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. மகள் வழியாக மாமனாரிடமிருந்து மருமகனுக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

சரி, மகன்கள்? அவர்கள் வேறு வீட்டு மருமகன்கள் ஆகிவிடுவார்கள். பெற்றவர்களுக்கு நன்றிக்கடன் தீர்க்க, கல்யாணத்துக்கு முன்பே மொட்டையடித்துக் காவி உடுத்தி, பெரும்பாலும் ஒரு மழைக்காலம் புத்த பிக்குவாக இருப்பார்கள். அந்தப் புண்ணியம் அம்மா அப்பாவுக்குச் சேரும் என்பது நம்பிக்கை.

இன்னொரு வேடிக்கை கேள். 1913இல்தான் அரசர் வஜிராவுத் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தப் பெயர் அப்பா வழியில் வருவது. வீடு மகள் வழி, பெயர் அப்பா வழி!

தாய்லாந்து முழுக்க இப்படித்தான் என்று எண்ணிவிடாதே. சீன வம்சாவளிக் குடும்பங்களில் மகன் வழிதான் மரபு. கிராமங்களும் மாறிவிட்டன. இப்போது பல கடைக்குட்டிகள் பாங்காக்கில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களின் பிள்ளைகளை அம்மாவைப் பெற்ற பாட்டி வளர்க்கிறாள்.