கோடையும் கல்வெட்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் மாணாக்கர் பலர் பாட்டன் பாட்டியர் வாழும் ஊர்களுக்குச் செல்வர். மாந்தோப்பும் குளமும் அவர்கட்கு இன்பந் தரும் இடங்கள். அவ்வூர்ப் பழங்கோயிலின் சுவரில் அவ்வூரின் வரலாறே பொறிக்கப்பட்டிருத்தல் கூடும் என்பதை அவருள் அறிந்தார் சிலரே. சோழர் ஆட்சியைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம் படித்த மாணாக்கன், அப்பக்கத்திற்குச் சான்றான கல்லையே தொட்டுப் படிக்க இயலுமாயின், அதனினும் சிறந்த விடுமுறைப் பயிற்சி வேறு யாது?

இதற்கு முதற்கண் வேண்டுவது இசைவு. தொல்லியல் துறையின் காப்பிலுள்ள கோயிலாயின் அத்துறையாரிடமும், பிற கோயிலாயின் அதன் அலுவலரிடமும் இசைவு பெறாமல் கல்லைத் தொடுதல் ஆகாது. கல்வெட்டறிந்தார் ஒருவரும் உடனிருத்தல் வேண்டும்.

வெயில் ஏறுமுன் வேலை தொடங்கப்படும். கல் சூடேறினால் ஈரத்தாள் விரைவிற் காய்ந்து சுருளும். எழுத்துள்ள பகுதியை நீர் தெளித்துத் தூரிகையால் தேய்த்துப் பாசியையும் அழுக்கையும் போக்குவர். பின்னர் நீரில் நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்துத் தூரிகையால் மெல்லத் தட்டுவர். தாள் எழுத்துகளின் பள்ளத்தில் நன்கு படிதல் வேண்டும். ஓங்கித் தட்டினாலோ கிழிந்துவிடும். முதல் நாளில் தாளைக் கிழிக்காத மாணாக்கர் அரியர்! ஈரம் சற்றே உலர்ந்தபின், துணிப்பொதியில் மை தோய்த்துத் தாளின்மேல் ஒற்றுவர். மேட்டில் மை பற்றும், பள்ளத்தில் பற்றாது. ஆதலின் கரிய தாளில் எழுத்துகள் வெண்மையாய்த் தோன்றும். மை தாளின் வெளிப்புறத்தில் ஒற்றப்படுவதால் எழுத்துகள் இடவலம் மாறுவதில்லை.

படியெடுத்தல் கைத்தொழில், படித்தலோ கூரிய அறிவிற்கு வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறா. எகர ஏகாரங்கட்கு வடிவில் வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின், ஒரு சொல் 'பாலோ' 'பரலோ' என்பதை முன்பின் நோக்கிப் பொருளாலேயே துணிதல் வேண்டும். இலக்கண வகுப்பில் உறங்கிய மாணாக்கனும் ஈண்டு விழித்துக்கொள்வான்.

படித்து முடித்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கொடைச் செய்தியாகும். கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகளை ஒருவர் அளித்திருப்பார். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். சாவாத ஆடும் உண்டோ என மாணாக்கர் வியப்பர். இறந்தனவற்றிற்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து நிற்றலின், மந்தையின் தொகை குறைவதில்லை என்பதே அதன் கருத்து.

இவ்வாறு பழகியபின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் காணுதல் தகும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்ததும் அவற்றால் விளங்கும். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் தேர்விற்கு உரியரல்லர் என்றும் கண்டுள்ளது. அவ்வூரார் முன்பு ஒருமுறையேனும் ஏமாந்தவராதல் வேண்டும்.

1886-இல் ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்டார். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன்பின் பல்லாயிரம் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. எனினும் ஒருவரும் படியெடாத கற்கள் சிற்றூர்களில் இன்னும் உள. அவற்றின்மீது சுண்ணாம்பு பூசுகின்றனர். அழுக்கைப் போக்க மணலை விசையுடன் பாய்ச்சுகின்றனர். அதனால் எழுத்தின் விளிம்பும் உதிர்கின்றது. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறுவதும், எழுத்துள்ள கல் வாயிற்படியாவதும் உண்டு. அவ்வாறு அழிந்தபின் அச்செய்தியைக் கூறுவார் எவருமிலர்.

பழந்தமிழர் இதனை உணர்ந்திருந்தனர். முதலாம் இராசராசன் காலத்தில் திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்டக் கருதியபோது, அதன் கல்வெட்டுகளையெல்லாம் முதலில் ஏட்டிற் படியெடுத்துக் கொண்டனர். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், புதிய சுவரில் அவற்றை மீண்டும் பொறித்தனர்.